சிறுநீரக நோயாளிக்கு மூச்சு வாங்கினால்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் கமிட்டி உறுப்பினர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சம்பளப் பேச்சு இல்லை. ஒரு வருத்தத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். சங்கக் கூட்டத்தில் டொக்டர் வேலை எதற்கு என்று பின்வரிசையில் ஒரு தலைவர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பதிலை ஓர் அக்காவின் கதையிலிருந்து தொடங்குகிறோம்.

எங்கள் பணிய லயத்தில் அவர் இருந்தார். பெயர் வேண்டாம், இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். 26 வருஷம் கொழுந்து எடுத்த கை. சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் நெடுநாளாக இருந்தன. பிறகு சிறுநீரகமும் பழுதாகிக்கொண்டு வருகிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். இரத்தம் கழுவும் கட்டத்துக்கு வரவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் மலைக்கு ஏறும்போது பாதி வழியில் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தார். அடுத்த மாதம் அதே வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். கிலோ குறைந்தது. அரைப் பேர் போட்டார்கள். எங்களிடம் வந்து முறையிட்டார்.

நாங்கள் என்ன செய்தோம்? அரைப் பேருக்காகப் போய் வாதாடினோம். அது சரிதான், வாதாடத்தான் வேண்டும். ஆனால் அவர் முறையிட்டது இரண்டு விஷயம். "அரைப் பேர் போட்டுட்டாங்க தம்பி, எனக்கு மூச்சு வாங்குது, ஏற முடியல" என்றார். முதல் பாதியைக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். இரண்டாவது பாதியை எழுதவில்லை. வயசு, பனி, அடுப்புப் புகை என்று எங்களுக்குள் நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். மருந்து வாங்கப் போன இடத்தில் வீசிங் என்று சொல்லி இழுக்கிற பம்ப் கொடுத்தார்கள். பம்ப் இழுத்தும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் கிளினிக் வைத்தியர் ஒருவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இதயத்தை எக்கோ பண்ணச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு திகதி கிடைத்தது. அந்தத் துண்டை அவர் எங்களிடம் காட்டினார். திகதியை முன்னுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் மாதம் அவர் காலமானார்.

அவருக்கு இன்றைக்கு நாம் பேசப்போகிற வருத்தம் இருந்ததா? எங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஒருவரும் பார்க்கவில்லையே. அதனால்தான் இந்த வகுப்பு.

வருத்தத்தின் பெயர் சுவாசப்பை நாடி உயர் அழுத்தம். பெயர் நீளம். விஷயம், நம் பிள்ளைகள் விஞ்ஞானக் கொப்பியில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்பும் தீட்டி வரைகிற இதயப் படத்திலேயே இருக்கிறது. சிவப்புப் பக்கம், அதாவது இடது பக்கம், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை இரத்தத்தைத் தள்ளுகிறது. அதற்கேற்ப அதன் சுவர் தடிப்பு. கையில் பட்டி கட்டி 120, 160 என்று சொல்கிறார்களே, அது அந்தப் பக்கத்து அழுத்தம். நீலப் பக்கம் பக்கத்திலுள்ள சுவாசப்பைக்கு மட்டும் இரத்தத்தை அனுப்புகிறது. தூரம் குறைவு, சுவர் மெல்லியது, அழுத்தமும் மிகக் குறைவு. சுவாசப்பை நாடியில் சாதாரணமாக இருக்கும் சராசரி அழுத்தம் 14 அளவில்தான். 20ஐத் தாண்டினால் அது உயர் அழுத்தம். 1973இலிருந்து இந்த எல்லையை 25 என்று வைத்திருந்தார்கள். 2018இல் உலக நிபுணர்கள் கூடி 20க்குக் குறைத்தார்கள். 20க்கும் 25க்கும் நடுவில் இருப்பவர்களும் பாதிக்கப்படுகிறார்கள் என்று கண்டதுதான் காரணம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கையில் கட்டும் பட்டி இந்த அழுத்தத்தைக் காட்டாது. "பிரஷர் பார்த்தாங்க, நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்று வீட்டுக்கு வருகிற ஆளுக்கும் சுவாசப்பை நாடியில் அழுத்தம் ஏறி நிற்கலாம். மெல்லிய சுவருள்ள வலது இதயவறை அந்தச் சுமையை எதிர்த்துத் தள்ளித் தள்ளி முதலில் தடிக்கும், பிறகு விரியும், பிறகு தளர்ந்துபோகும்.

சிறுநீரக நோயாளிக்கு இது ஏன் வருகிறது? காரணம் ஒன்றல்ல, பல. வருஷக்கணக்கில் பிரஷர் இருந்து இடது இதயவறை விறைத்துப் போனால் இரத்தம் பின்னுக்குத் தேங்கி சுவாசப்பையில் அழுத்தம் ஏறும். சிறுநீர் சரியாகப் போகாமல் உடம்பில் தண்ணீர் நின்றாலும் ஏறும். சிறுநீரகம் பழுதானால் இரத்தம் ஊறச் செய்கிற சுரப்பு குறையும். இரத்தம் குறைந்தால், இருக்கிற கொஞ்ச இரத்தத்தையே இதயம் வேகவேகமாகச் சுற்ற விட வேண்டியிருக்கும். டயலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் வைக்கிற பிஸ்டுலாவும் ஒரு காரணமாகலாம், அதைப் பிறகு சொல்கிறோம். சுருட்டு, பீடி, பழைய காசநோய், ஜன்னல் இல்லாத காம்பராவில் வருஷக்கணக்காகச் சுவாசித்த விறகுப் புகை இவற்றால் சுவாசப்பையே கெட்டிருக்கலாம். இரவில் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கும் வரும். எப்போதாவது சுவாசப்பையில் இரத்தக் கட்டி அடைத்தும் வரும். ஒரே ஆளிடம் இதில் மூன்று நான்கு காரணம் சேர்ந்திருப்பதும் உண்டு. மருந்து காரணத்துக்குத்தான், ஆகவே எந்தக் காரணம் என்று பார்க்காமல் வைத்தியம் செய்ய முடியாது.

எத்தனை பேருக்கு வரும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் டயலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளர் ஏறத்தாழ 3000 பேரை எக்கோ செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. அதில் 100க்கு 21 பேருக்கு இது இருந்தது. இருந்தவர்களிடம் மரணமும் கூடுதலாக இருந்தது. டயலிசிஸில் இருப்பவர்களிடம் இது இன்னும் கூடுதலாகவே காணப்படுகிறது. நம் நாட்டில் சிறுநீரக நோய் என்றதும் அனுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகள்தான் நினைவுக்கு வருவார்கள். அது காரணம் முழுதாகப் பிடிபடாத வேறொரு துயரம். நம் லயங்களில் நாங்கள் காண்பது பெரும்பாலும் சீனியாலும் பிரஷராலும் வந்த சிறுநீரக நோய். இடுப்பு வலிக்கு, முழங்கால் வலிக்கு என்று கடையில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரையும் சேர்ந்து கெடுக்கிறது. அதற்கு ஒரு தனி வகுப்பு வைக்கலாம்.

இந்த வருத்தம் மறைந்து நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. மூச்சு வாங்குதல், சோர்வு, கால் வீக்கம் மூன்றும் இதன் அறிகுறிகள். சிறுநீரக நோயாளிக்கு இந்த மூன்றும் ஏற்கெனவே இருக்கும். ஆகவே வீட்டாரும் சரி, சில நேரம் வைத்தியசாலையிலும் சரி, "கிட்னி வருத்தந்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். புதிதாக ஏதாவது மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. போன தீபாவளிக்கு ஏறிய படியை இந்தத் தீபாவளிக்கு ஏற முடிகிறதா?

இதைச் சொல்ல நம்மிடம் நல்ல அளவுகோல் இருக்கிறது. பெரிய வைத்தியசாலைகளில் நோயாளியை 6 நிமிடம் நடக்கவிட்டு எத்தனை மீற்றர் நடக்கிறார் என்று அளப்பார்கள். நமக்கு ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு மேடு இருக்கிறது. கொழுந்து மடுவத்திலிருந்து வீட்டுக்கு ஏற எத்தனை இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்று திகதி போட்டு எழுதுங்கள். மாசியில் நிற்காமல் ஏறினார், வைகாசியில் இரண்டு இடத்தில் நின்றார், ஆடியில் நான்கு இடத்தில் நின்றார். இதை வைத்தியரிடம் காட்டினால் 2 நிமிடத்தில் விளங்கிக்கொள்வார். "ஒரே களைப்பா இருக்கு ஐயா" என்று மட்டும் சொன்னால், அன்றைக்கு வரிசையில் நிற்கிற 100 பேரும் அதைத்தான் சொல்கிறார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, எத்தனை தலையணை வைக்க வேண்டியிருக்கிறது, மயக்கம் வந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது தண்ணீர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கே பாடமாக வந்த விஷயம்.

மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோ கழிக்கிறார்கள். அளவுக்கு மேல் கழிப்பதற்காக எத்தனை முறை தராசடியில் நின்று சண்டை போட்டிருப்போம். இலை எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. டயலிசிஸ் நோயாளியின் எடையும் அப்படித்தான். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு டயலிசிஸுக்கு நடுவில் நான்கு கிலோ ஏறியிருந்தால் அது சதையல்ல, நின்றுபோன தண்ணீர். தண்ணீரெல்லாம் கழிந்த பிறகு உள்ள எடைக்கு உலர் எடை என்று பெயர். சுவாசப்பை நாடியின் அழுத்தத்தை உலர் எடைக்குக் கிட்டத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். தண்ணீரோடு அளந்தால் எண் கூடித்தான் வரும். ஈரக் கொழுந்தை நிறுத்துவிட்டு அதையே காய்ந்த இலையின் எடை என்று எழுதுவதுபோல.

மேட்டு லயத்து அண்ணன் ஒருவர் பெக்டரியில் வேலை செய்தவர், வாரம் இரண்டு தடவை, செவ்வாயும் வெள்ளியும், டயலிசிஸுக்குப் போகிறார். அவர் கதையை இங்கே சொல்ல அவரே அனுமதி தந்தார். அந்த அக்கா காலமான பிறகு எங்களுக்கு ஒரு பயம் வந்திருந்தது. இந்த அண்ணனுக்கும் மூச்சு வாங்குகிறது என்றவுடன் ஓடினோம். எக்கோவுக்குத் துண்டு வாங்கினோம், திகதி கேட்டுச் சண்டை பிடித்தோம், வேன் பிடித்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டயலிசிஸுக்கு முன்னால், எக்கோ செய்தார்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான்கு நாள் இடைவெளி. இடையில் ஒரு கலியாண வீடு வேறு. எடை நான்கரைக் கிலோ ஏறியிருந்தது. ரிப்போர்ட்டில் அழுத்தம் 58 என்று வந்தது.

அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் நடுங்கிவிட்டோம். யாரோ ஒருவர், இதற்கு ஒரு விசேஷ மாத்திரை இருக்கிறது, வெளியில்தான் வாங்க வேண்டும் என்றார். மகள் காதுத் தோட்டை அடகு வைத்தாள். நாங்கள் லிஸ்ட் போட்டு லயம் லயமாகக் காசு சேர்த்தோம். மாத்திரை வாங்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சிறுநீரக வைத்தியர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், மாத்திரையைப் பார்த்தார், பிறகு தான் எழுதிய துண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அந்தத் துண்டில் ஆங்கிலத்தில் அவர் எழுதியிருந்தார்: டயலிசிஸுக்குப் பிறகு எக்கோ செய்யவும் என்று. இரண்டு சொல். திகதி கொடுத்தவர் கவனிக்கவில்லை. எங்களில் இரண்டு பேர் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள். நாங்களும் வாசிக்கவில்லை. திகதியை வாங்குவதிலேயே கண்ணாக இருந்துவிட்டோம்.

வைத்தியர் மாத்திரையை நிறுத்தி வைத்தார். அண்ணனின் உலர் எடையே பிழையாக, கூடுதலாகக் கணக்கிடப்பட்டிருந்தது என்று கண்டார். ஒரே நாளில் அவ்வளவு தண்ணீரையும் எடுக்க முடியாது, பிரஷர் விழுந்துவிடும், கால் இழுத்துக்கொள்ளும். ஆறு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடையை மூன்று கிலோ குறைத்தார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை, டயலிசிஸுக்கு மறுநாள், திரும்பவும் எக்கோ செய்தார்கள். 38. இன்னும் கொஞ்சம் கூடத்தான். ஆனால் 58 அல்ல. அண்ணன் இப்போது ஒரு இடத்தில்தான் நிற்கிறார், அதுவும் கதைப்பதற்காக என்கிறார். தோடு இன்னும் அடகிலிருந்து மீளவில்லை.

அந்த விசேஷ மாத்திரையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள், ஆகவே ஒரு வார்த்தை. சில்டெனாபில் போன்ற மாத்திரைகள் சுவாசப்பை நாடியே சுருங்கிப்போகிற ஒரு தனி வகை நோய்க்கு உரியவை. இடது இதயத்தால், தண்ணீர் தேங்கியதால் வருகிற அழுத்தத்துக்கு அவை மருந்தல்ல, கெடுதலும் செய்யலாம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை பாவிப்பவர் இதைப் போட்டால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். வைத்தியர் எழுதாமல் வாங்கவே கூடாது. லிஸ்ட் போட்டுக் காசு சேர்ப்பதற்கு முன்னால் வைத்தியரிடம் கேளுங்கள். நாங்கள் கேட்காமல் செய்தவர்கள் என்பதால் சொல்கிறோம்.

எக்கோவில் அந்த எண் எப்படி வருகிறது என்று அண்ணனின் மகள் கேட்டாள். ஏ.எல். படிக்கிற பிள்ளை. எக்கோ என்பது ஊசியும் இல்லை, வலியும் இல்லை. வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் மாதிரி, ஒலியால் இதயத்தைப் பார்ப்பது. வலது சோணையறைக்கும் வலது இதயவறைக்கும் நடுவில் முக்கூர் வால்வு இருக்கிறது. இதயம் சுருங்கும்போது பலருக்கு அந்த வால்வு வழியாகக் கொஞ்சம் இரத்தம் பின்னுக்குக் கசியும். உள்ளே அழுத்தம் எவ்வளவு கூடவோ அவ்வளவு வேகமாகக் கசிவு பீறிடும். தண்ணிக் குழாயில் ஓட்டை விழுந்தால் பீச்சுகிற வேகத்தை வைத்துக் குழாயின் அழுத்தத்தைச் சொல்லலாம் அல்லவா, அதே கணக்குத்தான். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, அதை 4ஆல் பெருக்க வேண்டும். செக்கனுக்கு 2.8 மீற்றர் என்றால் 31 வரும். 3.4 என்றால் 46. அதோடு வலது சோணையறையின் அழுத்தத்தைக் குத்துமதிப்பாகக் கூட்டுவார்கள். பொதுவாக வேகம் 2.8க்கு மேல் போனால் சந்தேகம் தொடங்குகிறது, 3.4க்கு மேல் போனால் சந்தேகம் பலமாகிறது. இப்படி வருவது இதயம் சுருங்கும் நேரத்து உச்ச அழுத்தம். நாம் முன்னே சொன்ன 20 சராசரி அழுத்தம். ஆகவே ரிப்போர்ட்டில் 30 என்று கண்டவுடன் 20ஐத் தாண்டிவிட்டது என்று பயப்படக் கூடாது. இரண்டும் வேறு அளவு.

கசிவே இல்லாதவர்களும் உண்டு, அவர்களுக்கு இந்தக் கணக்குப் போட முடியாது. அதற்காக நோய் இல்லை என்று ஆகிவிடாது. வலது பக்கம் விரிந்திருக்கிறதா, நடுச்சுவர் இடது பக்கமாக அமுங்கியிருக்கிறதா, நன்றாகச் சுருங்குகிறதா, வயிற்றுப் பக்கத்துப் பெரிய நாளம் வீங்கியிருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். இடது பக்கத்தையும் கட்டாயம் பார்ப்பார்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எக்கோ தருவது மதிப்பீடு. நிச்சயமான அளவு வேண்டுமென்றால் கழுத்து அல்லது தொடை நாளம் வழியாக ஒரு மெல்லிய குழாயை வலது இதயத்துக்குள் செலுத்தி நேரடியாக அளக்க வேண்டும். அது எல்லோருக்கும் தேவையில்லை. தண்ணீரைக் குறைத்து, இரத்தத்தைக் கூட்டி, பிரஷரைக் கட்டுப்படுத்திய பிறகும் அழுத்தம் இறங்கவில்லை என்றாலோ, சிறுநீரக மாற்றுக்குப் பெயர் கொடுத்திருந்தாலோ கேட்பார்கள். மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு முன் இதைப் பார்ப்பது முக்கியம். அழுத்தம் மிகக் கூடவாக இருக்கும்போது சத்திரசிகிச்சை செய்தால் ஆபத்து அதிகம். அதே நேரம், புதுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கிய பிறகு பலருக்கு இந்த அழுத்தம் இறங்கியும் இருக்கிறது. ஆகவே "எக்கோவில் கூடவா வந்தா லிஸ்டிலயிருந்து வெட்டிடுவாங்க" என்று பயந்து எக்கோவுக்கே போகாமல் இருக்காதீர்கள். அப்படி ஒரு தம்பி ஒளிந்துகொண்டு திரிகிறார், இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார், பார்த்துக்கொண்டுதான் பேசுகிறோம்.

பிஸ்டுலாவைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். கை நாடியையும் நாளத்தையும் இணைத்து வைப்பதுதான் பிஸ்டுலா. தொட்டால் கிர்ரென்று அதிரும். டயலிசிஸ் நோயாளிக்கு அது உயிர்நாடி. ஆனால் அதன் வழியாகப் போகிற இரத்தம் குறுக்குப் பாதையில் நேராக இதயத்துக்குத் திரும்புகிறது, இதயத்துக்கு அவ்வளவும் மேலதிக வேலை. இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் தள்ளுகிறது. பிஸ்டுலாவில் மட்டும் ஒன்றரை லீற்றருக்கு மேல் ஓடினால் அது கூடுதல் என்று வைத்தியர்கள் கவனிப்பார்கள். சில வேளை எக்கோ செய்யும்போதே பிஸ்டுலாவைக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடித்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அதை அவர்கள்தான் செய்ய வேண்டும். வீட்டில் யாரும் அமத்திப் பார்க்க வேண்டாம், அடைத்துக்கொண்டால் ஆளுக்கு அடுத்த டயலிசிஸ் இல்லாமல் போகும். ஓட்டம் கூடவென்றால் குறைக்கவும் வழி இருக்கிறது.

வீட்டில் செய்யக் கூடியவை நீங்கள் அறிந்தவைதான். காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். லயத்துக்கு ஒரு எடை மெசினாவது வேண்டும் என்று மாதர் கமிட்டி கேட்டிருக்கிறது, நல்ல கோரிக்கை. உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்க முடியாது, தாகம் விடாது. ரொட்டிக்கு உப்பு, சம்பலுக்கு உப்பு, கருவாட்டில் உப்பு, சில வீடுகளில் தேத்தண்ணியிலும் உப்பு. வைத்தியர் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று சொன்னாரோ அந்த அளவுக்கு ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். தேத்தண்ணி, சோற்றுக் கஞ்சி, ரசம் எதைக் குடித்தாலும் அதே அளவைப் போத்தலிலிருந்து எடுத்து ஊற்றிவிடுங்கள். போத்தல் காலியானால் அன்றைக்குக் கணக்கு முடிந்தது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், உதடு நீலம் பாய்ந்தால், மயங்கி விழுந்தால் எக்கோ திகதியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 1990க்கு எடுங்கள், இலவச அம்புலன்ஸ். லயத்துக்குப் பாதை இல்லையென்றால் வாலிபர் கமிட்டி நோயாளியை நடக்க விடாமல், கதிரையில் வைத்து ரோட்டுக்குக் கொண்டு வர வேண்டும். கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்துத் தூக்காதீர்கள், மூச்சு முட்டுகிறவரை உட்கார வைத்தே தூக்குங்கள்.

இப்போது அந்தத் தலைவரின் கேள்விக்கு வருவோம். இதில் சங்கத்துக்கு என்ன வேலை?

எக்கோ அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். ஆனால் அங்கே போகிற நாள் பேர் இல்லை. வேன் கூலி உண்டு. துணைக்கு வருகிற ஆளுக்கும் அன்றைக்குப் பேர் இல்லை. துண்டு ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில், நோயாளி தமிழில். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் அந்த இரண்டு சொல் தவறிப்போனது. நோயாளி தனியாக நின்று இதையெல்லாம் சமாளிக்க முடியாது. அரைப் பேர் விஷயத்தையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. மூச்சு வாங்குகிறவரை மேல் மலைக்கு அனுப்பிவிட்டு கிலோ போதவில்லை என்று வெட்டுவது, வருத்தத்துக்குத் தண்டனை போடுவது. கிளினிக் கொப்பியைக் காட்டினால் பக்கத்து மலையில் வேலை தர வேண்டும், கிளினிக் நாளை வராத நாளாகக் கணக்கெடுக்கக் கூடாது. இந்த இரண்டு கோரிக்கையையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதலாவதற்கு வாய்ப் பேச்சில் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் விடமாட்டோம்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் ஒரு ஆள் சிறுநீரக நோயாளிகளின் கொப்பி வைத்திருக்க வேண்டும். யார், எந்த நாள் டயலிசிஸ், கடைசி எக்கோ எப்போது, மேட்டில் எத்தனை இடத்தில் நிற்கிறார், ஹீமோகுளோபின் எவ்வளவு. அவருக்கு ஆங்கிலமோ சிங்களமோ வாசிக்கத் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டால் ஸ்கூலுக்கு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம். திகதி தூரத்தில் கிடைத்தால், மூச்சுக் கணக்கு எழுதிய தாளோடு கிளினிக் வைத்தியரிடம் திரும்பிப் போங்கள். அவர் அவசரம் என்று ஒரு வரி எழுதினால் திகதி முன்னுக்கு வரும், நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வேன் மடுவத்தடியிலிருந்து புறப்படும். இப்போதைக்கு ஆறு பேருக்குத் திகதி எடுத்திருக்கிறோம், ஆறு பேரும் வெள்ளிக்கிழமை டயலிசிஸ் முடித்தவர்கள். இன்னும் இரண்டு பேருக்கு இடமிருக்கிறது. கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, பழைய ரிப்போர்ட், எடை எழுதிய தாள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். துண்டில் எழுதியிருப்பதை வேனில் ஏறுவதற்கு முன்னால் நாங்கள் வாசிப்போம்.